சூடான கடல் செழிப்பான கடலா?

கேள்வி: செடிக்கு வெயிலும் வெதுவெதுப்பும் வேண்டும். கடல் சூடானால் மிதவைப் பாசி பெருகும், மீனும் பெருகும். இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்? போதாக்குறைக்கு, வங்கக்கடலில் பாசிப் பச்சையம் 60 மீட்டர் ஆழத்தில்தான் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். இருட்டில் செடி வளருமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வளராது. ஆனால் கலங்கலற்ற நடுக்கடலில் 60 மீட்டர் முழு இருட்டல்ல. மேலே விழும் ஒளியில் ஒன்றிரண்டு சதவீதமாவது அங்கே எட்டும். பாசிக்கு அது போதும்.

செடிக்கு எருவும் வேண்டுமே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கடலில் எரு இருப்பது கீழே. மேலே செத்ததும் கழிந்ததும் மூழ்கி, மக்கி, நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் ஆழத்துக் குளிர்நீரில் சேர்கின்றன. அது மேலே வர வேண்டுமானால் நீர் கலங்க வேண்டும். சூடான நீரோ அடர்த்தி குறைந்தது. குளிர்நீரின் மேல் மூடிபோல் படிந்துவிடும். வங்கக்கடலில் மேல்நீர் 28, 29 டிகிரி என்றால் 200 மீட்டரில் சுமார் 15 டிகிரிதான். வெப்பம் இப்படிச் சட்டென்று இறங்குகிற அடுக்குக்குத் தெர்மோக்ளைன் என்று பெயர். சாதாரணக் காற்றின் கலக்கல் அதைத் தாண்டுவதில்லை. இங்கே கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் வேறு மேலே பரந்து, மூடியை இன்னும் இறுக்குகிறது.

ஆகவே மேலிருந்து கொஞ்சம் ஒளியும் கீழிருந்து கொஞ்சம் எருவும் கிடைக்கிற இடம் தெர்மோக்ளைனின் மேல்பகுதிதான். வங்கக்கடலில் பெரும்பாலும் 50 முதல் 80 மீட்டருக்குள் பச்சையம் உச்சம் தொடுகிறது. ஹவாய்க்கு வடக்கே 1988 முதல் அளந்துவரும் அலோஹா நிலையத்தில் இது 100 மீட்டருக்கும் கீழே. பச்சையம் அதிகம் என்பதாலேயே பாசியும் அங்கேதான் அதிகம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மங்கலில் வாழும் செல் அரிதாக வரும் ஒளியைப் பிடிக்கத் தனக்குள் கூடுதல் பச்சையம் சேர்த்துக்கொள்ளும்.

செயற்கைக்கோள் படத்தில் நீலமாகத் தெரிகிறது என்று வங்கக்கடலைப் பாலைவனமாக்குகிறவர்களும் இதைக் கவனிக்கலாம். செயற்கைக்கோளின் கண்ணுக்கு எட்டுவது மேல்நீர் மட்டுமே. 60 மீட்டரில் நடப்பது அதற்குத் தெரியாது.

இனி உங்கள் சூட்டுக் கணக்கு. தென்மேற்குப் பருவக்காற்றில் சோமாலியா, ஓமன் கரையோரம் ஆழத்து நீர் மேலேறுகிறது. கடல் குளிர்கிறது, அப்போதுதான் பச்சையாகிறது. வங்கக்கடலிலும் புயல் கலக்கிப்போன தடத்தில்தான் சில நாள் பச்சை தெரியும். அங்கேயும் மேல்நீர் குளிர்ந்திருக்கும். நீங்கள் சொல்வது சரியென்றால் இதெல்லாம் தலைகீழாக அல்லவா நடக்க வேண்டும்? மேற்கு இந்தியப் பெருங்கடல் சூடேறியதால் அறுபதாண்டுகளில் அங்கே மிதவைப் பாசி 20 சதவீதம் வரை குறைந்திருக்கலாம் என்று 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று செயற்கைக்கோள் தரவையும் கணினி மாதிரிகளையும் வைத்துக் கணக்கிட்டது. அது சொன்ன காரணமும் இந்த மூடி இறுகியதுதான்.