நாவல் எழுதும்போதே நாயகியின் கவசத்தையும் செய்து பார்ப்பது வீண் வேலையா?

கற்பனை உலக நாவல் ஒன்றில் பாதி வரை வந்திருக்கிறீர்கள். நாயகியின் கவசத்தை உங்கள் கையாலேயே செய்து பார்க்க ஆசை. அது எழுத்திலிருந்து நழுவிப்போகும் வழியாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். மூன்று ஆண்டுகளாக நான் இரண்டையும் சேர்த்தே செய்துவருகிறேன். கவசம் செய்யாதிருந்தால் என் நாவலின் முக்கியமான உறவு ஒன்று பிறந்தே இருக்காது.

நான்காம் அத்தியாயத்தில் காவல்படைத் தலைவி விடியலுக்கு முன் எழுகிறாள். யாரையும் எழுப்பாமல் தனியே கவசம் பூண்டு வெளியேறுகிறாள். படிக்க நன்றாகவே இருந்தது. பிறகு மார்புக்கவசத்தை ஃபோமில், அதாவது எடை குறைந்த மெத்தென்ற நுரைத் தகட்டில், செய்து முடித்து, நானே மாட்டிப் பார்த்தேன். முன்தகடும் பின்தகடும் இடப்பக்கம் அக்குளுக்குக் கீழே ஒரு வாரால் இணைகின்றன. வலக்கையைக் குறுக்கே கொண்டுபோனால் தகட்டின் விளிம்பு மேற்கையில் இடிக்கிறது. இடக்கையை மடக்கினால் விரல்நுனி வாரைத் தொடுகிறது, ஆனால் இழுக்கப் பிடி கிடைக்கவில்லை. பக்கிளின் முள் எந்தத் துளைக்கு நேராக இருக்கிறது என்று குனிந்து பார்க்கலாம் என்றால் கழுத்துக்கவசம் விடவில்லை. கடைசியில் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் என் விலா அருகே குனிந்து, "மூச்சை வெளியே விடு" என்றாள். ஒரே இழுப்பு, மாட்டிவிட்டது.

அன்றிரவே அந்தக் காட்சியை முதலிலிருந்து எழுதினேன். இப்போது தலைவி ஒருத்தியை எழுப்பியாக வேண்டும். முந்தைய இரவு யாரோடு சண்டையிட்டாளோ அந்த இளையவளையே எழுப்புகிறாள். அவள் வேறொன்றும் பேசாமல் வாரை இழுக்கிறாள். பேசுவது என் அக்கா சொன்ன அந்த மூன்று சொற்களை மட்டும்தான். பிறகு அத்தியாயத்துக்கு அத்தியாயம் அந்த வாரை யார் மாட்டிவிடுகிறார்கள் என்பதை வைத்தே இருவருக்குமிடையில் என்ன நடக்கிறது என்று காட்ட முடிந்தது.

தோள்கவசமும் இப்படித்தான் பாடம் நடத்தியது. ஒரே அகலத் தகடாகச் செய்திருந்தேன். கையைத் தூக்கினால் அதன் மேல்விளிம்பு கன்னத்தில் முட்டியது. தலைக்கு மேல் வாளை ஓங்கும் காட்சிகள் என் கையெழுத்துப் பிரதியில் ஏராளம்! மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி வழுக்கும் சிறு தகடுகளாகப் பிரித்த பிறகே கை மேலே போனது. உண்மையான கவசங்களிலும் இதுதான் வழி. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் ஏறக்குறைய 15 முதல் 25 கிலோ இருக்கும். எடை உடல் முழுவதும் பகிர்ந்து நிற்பதால் பழகியவர்கள் அதோடு ஓடினார்கள், குதிரை ஏறினார்கள். அசைய முடியாத இரும்புப் பொம்மையாக வீரனை எழுதாதீர்கள். அவனை வாட்டுவது உள்ளே தேங்கும் வெப்பமும் தலைக்கவசத்துக்குள் திணறும் மூச்சும்தான். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஃபோம் எடையைக் கற்றுத்தராது. எது எங்கே தடுக்கும், எது எங்கே உரசும் என்பதை மட்டும் கற்றுத்தரும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடலை மெல்லிய பிளாஸ்டிக் உறையால் சுற்றி, மேலே ஒட்டுநாடாவை ஒட்டி, அதன்மேல் கவசத்தை வரைந்து வெட்டி எடுத்தால் உங்கள் உடலுக்கே உரிய அளவுத்தாள் கிடைக்கும். மார்புக்கு 10 மில்லிமீட்டர் ஈவிஏ ஃபோம், அடுக்குத் தகடுகளுக்கு 5, அலங்காரத்துக்கு 2. ஃபோம் கத்தியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் காட்டி, மேற்பரப்பு லேசாக மினுங்கியதும் வளைத்து, ஆறும்வரை பிடித்திருங்கள். கான்டாக்ட் பசையை இரு பக்கமும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு நகர்த்த முடியாது. அந்தப் பசையின் ஆவி கெடுதலானது. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகக்கவசம் அணியுங்கள். தூசிக்கான சாதாரண முகமூடி போதாது.

வண்ணம் பூசும் நாளில்தான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கறுப்பு அடித்து, மேலே வெள்ளி நிறம் தேய்த்து, பிறகு கீறல்களைப் போட உட்காருவேன். ஒவ்வொரு கீறலுக்கும் காரணம் வேண்டும். இந்த வெட்டு எந்தச் சண்டையில் விழுந்தது? இந்த விளிம்பு மட்டும் ஏன் தேய்ந்து பளபளக்கிறது? விடை தெரியாத கீறலை நான் போடுவதில்லை.

தமிழில் எழுதுகிறவருக்கு இன்னொரு பலனும் உண்டு. உறுப்பு உறுப்பாகச் செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் பெயர் தேவைப்படுகிறது. மெய்ம்மறை என்ற பழஞ்சொல் கவசத்தைக் குறிக்கும். அதன் வழியில் தோள்மறை, கைம்மறை, தாள்மறை என்று நானே பெயரிட்டுக்கொண்டேன். கையால் தொட்ட பொருளின் பெயர் என்பதால் வாக்கியத்தில் இடறாமல் உட்கார்ந்தது.

உங்கள் அச்சமும் நியாயமானதே. ஃபோம் வேலை ஒவ்வொரு மாலையும் கண்ணுக்குத் தெரியும் பலனைத் தரும். நாவல் மாதக்கணக்கில் தராது. மனம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவேண்டியதில்லை. நான் காலையில் எழுத்தை முடித்த பிறகே கத்தியைத் தொடுகிறேன். எழுதி முடித்த காட்சியில் வராத உறுப்பைச் செய்வதில்லை. என் தலைவிக்கு இன்னும் கால்கவசம் இல்லை. அவள் ஆற்றைக் கடக்கும் அத்தியாயத்துக்கு நான் இன்னும் வரவில்லை.

நீங்கள் முன்கையிலிருந்து தொடங்குங்கள். ஒரே ஃபோம் துண்டு, இரண்டு வார், ஓரிரு நாள் வேலை. மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் வீட்டுக்குள் நடங்கள், தண்ணீர் குடியுங்கள், ஒரு கதவைத் திறங்கள். பிறகு அதைக் கழற்றாமலே உங்கள் நாயகி முதன்முதலில் கவசத்தோடு வரும் பக்கத்தை எடுத்துப் படியுங்கள்.