வாசகர் கேள்விகள்: ஜேம்ஸ்டவுனின் பட்டினிக் காலம்

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் நிலையாக ஊன்றிய முதல் குடியேற்றமான ஜேம்ஸ்டவுன், 1609-10 குளிர்காலத்தில் பட்டினியால் ஏறக்குறைய அழிந்தே போனது என்று சென்ற இதழில் ஒரு பதிலுக்கிடையே இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரியைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களுக்கே இந்த முறை பகுதி முழுவதையும் ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஆறும் காடும் கடலும் அருகிலேயே இருந்தும் அவர்கள் பட்டினி கிடந்தார்கள் என்றால், வந்தவர்கள் உடல் வளைந்து உழைக்காத கனவான்களாக இருந்ததுதானே காரணம்? எங்கள் பேராசிரியர் அப்படித்தான் கற்பித்தார். (ஒரு வாசகி, மதுரை)

பதில்: உங்கள் பேராசிரியர் கூறியதில் உண்மை உண்டு. ஆனால் அதை மட்டுமே காரணமாகக் கொண்டால், செத்தவர்கள் தலையிலேயே பழியைச் சுமத்திவிட்டு, அவர்களை அங்கே அனுப்பியவர்களை விட்டுவிடுகிறோம். 1606 டிசம்பரில் சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீட், டிஸ்கவரி என்னும் மூன்று கப்பல்களில் லண்டனை விட்டுப் புறப்பட்டு, 1607 மே மாதம் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் இறங்கிய 104 ஆண்களிலும் சிறுவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர் கனவான்கள் என்றே பட்டியலில் எழுதப்பட்டிருந்தனர். அவர்களைத் தேர்ந்தெடுத்தது பங்குதாரர்களின் பணத்தில் நடந்த வர்ஜீனியா கம்பெனி. அந்தக் கம்பெனி எதிர்பார்த்தது பொன்னையும், மேற்கே இருக்கும் கடலுக்கு ஒரு நீர்வழியையும். விதைத்து அறுக்கத் தெரிந்த குடும்பங்களை அல்ல. முதற்கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை.

இடத்தேர்வும் அந்த நோக்கத்தையே ஒட்டி அமைந்தது. எதிரிகளான ஸ்பானியரின் கண்ணில் எளிதில் படாதபடி கடலிலிருந்து உள்ளடங்கியிருக்க வேண்டும், கரையோர மரத்திலேயே கப்பலைக் கட்டும் அளவுக்கு ஆழமும் வேண்டும் என்று தேடியவர்களுக்குச் சதுப்பு சூழ்ந்த அந்தத் தீபகற்பம் மிகவும் பொருத்தமாகத் தோன்றியது. கப்பலுக்குப் பொருந்திய இடம் மனிதருக்குப் பொருந்தவில்லை. கடலின் ஓதம் ஏறி இறங்கும் அந்த ஆற்றில், கோடையில் மேலிருந்து வரும் நன்னீர் குறையும்போது உவர்நீர் உள்ளே ஏறுகிறது. ஊரின் கழிவு கடலுக்குப் போகாமல் கரையோரமே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏற்றத்தில் உப்பும் இறக்கத்தில் சேறும் அழுக்குமான அந்தத் தண்ணீரையே குடிக்க வேண்டியிருந்ததாக, அங்கிருந்த ஜார்ஜ் பெர்சி எழுதி வைத்திருக்கிறார். வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போனதில், 1608 ஜனவரியில் அடுத்த கப்பல் வந்தபோது எஞ்சியிருந்தவர்கள் 38 பேர். வேலை செய்யாதவர்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் மனிதர்களில் பலர் எழுந்து நிற்கவும் வலுவற்ற நோயாளிகளாகக் கிடந்தவர்கள் என்பதை மறக்கலாகாது.

இதற்கு மேல் வானமும் பொய்த்தது. அப்பகுதியின் பழமையான சைப்ரஸ் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து 1998-இல் அறிஞர்கள் வெளியிட்ட முடிவின்படி, 1606 முதல் 1612 வரையிலான ஏழாண்டுகள் அங்கே 770 ஆண்டுகளில் காணாத கடும் வறட்சிக் காலம். மழை பொய்த்தால் ஆற்று நீர் இன்னும் உவர்க்கும். பக்கத்து ஊர்களின் மக்காச்சோளமும் விளையாது. விலைக்கு வாங்கவும் தானியம் இல்லாத ஆண்டுகள் அவை.

உழைப்பின் பங்கை நான் மறுக்கவில்லை. 1608 செப்டம்பரில் தலைமை ஏற்ற ஜான் ஸ்மித், உழைக்க மறுப்பவனுக்கு உணவில்லை என்ற விவிலிய விதியைச் சட்டமாக்கியதும், மக்களைப் பிரித்துச் சிலரைச் சிப்பி கிடைக்கும் கரைகளுக்கு அனுப்பியதும் அவர் தலைமையில் இருந்த காலத்துச் சாவை வெகுவாகக் குறைத்தன. வெடிமருந்து தீப்பற்றிக் காயமடைந்த அவர் 1609 இலையுதிர் காலத்தில் தாயகம் திரும்பினார்.

கேள்வி: 1609 குளிர்காலத்தில் மனித மாமிசம் தின்றார்கள் என்பது உண்மையா, பின்னாளில் கட்டிய கதையா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: உண்மைதான். அந்த ஆண்டு ஒன்பது கப்பல்களில் பெருங்கூட்டமும் உணவும் ஒன்றாகக் கிளம்பின. ஜூலை இறுதியில் வீசிய சூறாவளியில் தலைமைக் கப்பலான சீ வென்ச்சர், புதிய அதிகாரிகளோடும் சரக்கின் பெரும்பகுதியோடும் பெர்முடா தீவின் பாறைகளில் போய்ச் செருகிக்கொண்டது. மற்றவை பசித்த வயிறுகளை ஜேம்ஸ்டவுனில் இறக்கிவிட்டன. அங்கே அந்த மண்ணின் பூர்வகுடிகளான பவ்ஹட்டன் மக்களுடன் பகை முற்றியிருந்ததால், வேலியைத் தாண்டி வேட்டைக்கோ மீனுக்கோ போனவர்கள் உயிரோடு திரும்பவில்லை. தானியம் கொண்டுவர அனுப்பிய ஒரு கப்பல், தானியத்தைப் பெற்ற பிறகு கோட்டைக்கு வராமல் நேரே இங்கிலாந்துக்குப் போய்விட்டது. அந்தச் செய்கையை எண்ணும்போதெல்லாம் என் மனம் கொதிக்கிறது.

முதலில் குதிரைகளை உண்டார்கள். பிறகு நாய், பூனை, எலி, பாம்பு. அதன்பின் காலணித் தோல். புதைத்த பிணங்களையும் தோண்டியெடுத்துத் தின்றதாகப் பெர்சி எழுதியதை மிகைப்படுத்தல் என்று ஐயுற்றவர்கள் இருந்தார்கள். ஆனால் 2012-இல் கோட்டையின் பழைய நிலவறை ஒன்றில், வெட்டுண்ட குதிரை, நாய் எலும்புகளுக்கிடையே ஒரு சிறுமியின் மண்டையோடும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பும் கிடைத்தன. வயது சுமார் 14. இறந்த பின் அவளுடைய தலையிலிருந்து சதையை அறுத்தெடுத்த கத்தித் தடங்கள் அதில் பதிந்திருந்தன. அடுத்த ஆண்டு முடிவை அறிவித்த ஆய்வாளர்கள் அவளுக்கு ஜேன் என்று பெயரிட்டார்கள். அவளுடைய சொந்தப் பெயர் எவருக்கும் தெரியாது. முதல் வெட்டுகள் தயங்கித் தயங்கி விழுந்திருக்கின்றன. பசியால் அறிவு மங்கிய ஒருவர், செய்யத் துணியாத ஒன்றைச் செய்தபோது நடுங்கிய கை அது என்றே நான் அதைப் படிக்கிறேன்.

கேள்வி: ஊரைக் கைவிட்டுப் புறப்பட்டவர்கள் ஏன் திரும்பினார்கள்? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஒரு நாள் வேறுபாடுதான். பெர்முடாவில் ஒதுங்கிய சுமார் 150 பேர், அங்கிருந்த காட்டுப் பன்றியையும் ஆமையையும் உண்டு பத்து மாதம் வயிறார வாழ்ந்து, உடைந்த கப்பலின் பலகையும் தீவின் தேவதாரு மரமும் கொண்டு இரண்டு சிறு கப்பல்கள் கட்டி 1610 மே மாதம் வந்து சேர்ந்தார்கள். ஏறக்குறைய 300 பேரை எதிர்பார்த்த இடத்தில் எலும்பும் தோலுமாக 60 பேர் நின்றார்கள். வந்தவர்களிடமும் போதிய உணவு இல்லாததால் ஜூன் 7 அன்று அனைவரும் கப்பலேறினர். மறுநாள் ஆற்றிலேயே, புதிய ஆளுநரான டி லா வார் பிரபு ஆட்களோடும் உணவோடும் வந்துகொண்டிருக்கிறார் என்ற செய்தியோடு ஒரு படகு எதிர்ப்பட்டது. திரும்ப வேண்டும் என்பது கட்டளை. அவர்களுடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

கேள்வி: இறுதியில் அந்தக் குடியேற்றத்தைப் பிழைக்க வைத்தது எது? நம் நாட்டுக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: இரண்டாவதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். தாமஸ் ஸ்மித் என்னும் லண்டன் வணிகரே கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் ஆளுநர். வர்ஜீனியா கம்பெனிக்கும் அவரே பல ஆண்டுகள் பொருளாளராக இருந்து தலைமை தாங்கினார்.

பிழைக்க வைத்தது புகையிலை. பெர்முடாவில் ஒதுங்கியவர்களில் ஒருவரான ஜான் ரால்ஃப், உள்ளூர்ப் புகையிலையின் காரம் ஆங்கிலேயருக்குப் பிடிக்காததால், ஸ்பானியர் ஆண்ட பகுதிகளின் இனிய வகையை 1612 வாக்கில் பயிரிட்டுப் பார்த்தார். 1614-இல் சரக்கு லண்டனுக்குப் போனது. அதே ஆண்டு பவ்ஹட்டன் தலைவரின் மகள் போகஹான்டஸை அவர் மணந்ததால் சில காலம் சண்டையும் ஓய்ந்தது. 1617-இல் ஊரின் தெருக்களில்கூடப் புகையிலை நட்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு ஏக்கர் சோளம் போட்ட பிறகே புகையிலை நட வேண்டும் என்று அதிகாரிகள் கட்டளையிட நேர்ந்தது. பட்டினியால் செத்த ஊரில் அப்படி ஒரு கட்டளை தேவைப்பட்டது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

ஆயினும் பிழைத்தது குடியேற்றம்தான், குடியேறியவர்கள் அல்லர். 1624 வரை வர்ஜீனியாவுக்குக் கப்பலேறியவர்கள் 6,000-க்கும் அதிகம். 1625 தொடக்கத்தில் எடுத்த கணக்கில் உயிரோடிருந்தவர்கள் சுமார் 1,200. புகையிலை ஓயாமல் நிலமும் ஆளும் கேட்டது. கூலி ஒப்பந்தத்தில் கட்டுண்ட ஏழை ஆங்கிலேயர்கள் வந்தார்கள். 1619 ஆகஸ்டில், போர்த்துகீசிய அடிமைக் கப்பலிலிருந்து பறிக்கப்பட்ட 20-க்குச் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்கள் உணவுப் பண்டத்துக்கு மாற்றாகக் கரையிறக்கப்பட்டார்கள். ஆற்றங்கரை வயல்களை இழந்துவந்த பவ்ஹட்டன் மக்கள் 1622 மார்ச்சில் ஒரே நாளில் 347 குடியேறிகளைக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்த பழிவாங்கலில் அவர்களுடைய சோளக் கொல்லைகள் ஆண்டுதோறும் திட்டமிட்டு அழிக்கப்பட்டன.

கேள்வி: அந்தப் பூர்வகுடிகள் இப்போது இருக்கிறார்களா? (ஒரு மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: இருக்கிறார்கள். 1607 இலையுதிர் காலத்தில், எழ முடியாமல் கிடந்த அந்நியர்களுக்குச் சோளமும் இறைச்சியும் கொண்டுவந்து கொடுத்து உயிர் காத்தவர்கள் அவர்கள்தாம். அவர்களின் வழிவந்த பமுங்கி மக்களும் மட்டபோனை மக்களும் வர்ஜீனியாவின் ஆற்றங்கரைகளில் சிறு நிலப்பகுதிகளைக் காத்து வாழ்கின்றனர். 17-ஆம் நூற்றாண்டில் செய்த உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் நவம்பரில் அந்த மாநில ஆளுநரின் இல்லத்துக்கு வேட்டையாடிய மானைக் காணிக்கையாகக் கொண்டுசென்று இன்றும் கொடுக்கிறார்கள்.