முடி, நிலவரி, தகரக் கூரை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்களின் எழுத்தை எங்கள் வாசிப்பு வட்டத்தில் எடுத்திருக்கிறோம். ஜிட்காலா-ஷா கட்டுரையில் படையும் இல்லை, போரும் இல்லை. முடி வெட்டியதற்கே ஒரு பகுதி முழுக்கப் போகிறது. காலனியாதிக்கம் இதில் எங்கே? — வாசகி, கோத்தகிரி

பதில்: அந்த முடியில்தான். யாங்டன் டகோட்டா பழங்குடிப் பெண்ணான அவர், 1884இல் எட்டு வயதில் இந்தியானா மாநிலத்தில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் நடத்திய விடுதிப் பள்ளிக்குப் போனார். அவர் மக்களிடம் முடியைக் குட்டையாக வைப்பது துக்கம் காப்பவர்கள். ஒட்ட வெட்டப்படுவது எதிரியிடம் பிடிபட்ட வீரனுக்கு நேர்வது. இது தாய் சொல்லித் தெரிந்த சிறுமி கட்டிலுக்கடியில் ஒளிகிறாள். இழுத்து வந்து நாற்காலியில் கட்டி வெட்டுகிறார்கள். பள்ளிக்கு அது ஒழுங்கு, அவளுக்கு இழவும் தோல்வியும்.

படிக்கும்போது நோட்டுப் பக்கத்தைக் கோடு போட்டு மூன்றாகப் பிரியுங்கள்: பொருள், வீட்டில் அதன் அர்த்தம், பள்ளியில் அதன் அர்த்தம். முடி, செருப்பு, சாப்பாட்டு மணி மூன்றையும் எழுதினாலே போதும். முதல் மணிக்கு நாற்காலியை இழுக்க மட்டும்தான் வேண்டும் என்பது தெரியாமல் அவள் உட்கார்ந்துவிடுவாள்; மற்ற பிள்ளைகள் நின்றுகொண்டிருப்பார்கள். 'பாவம், குழந்தை' என்று உச்சுக்கொட்டிவிட்டு நகர்கிற வட்டங்கள் இந்த இடத்தைத் தவறவிடும். இந்தக் கட்டுரைகள் 1900இலேயே அட்லாண்டிக் மன்த்லி இதழில் வந்தவை. ஊமையாய் அழுதவளின் குறிப்பல்ல. வெட்டியவர்களின் மொழியிலேயே எழுதிய வழக்கு.

கேள்வி: அமெரிக்கப் பூர்வகுடி எழுத்தாளர் லூயிஸ் எர்ட்ரிக்கின் 'ட்ராக்ஸ்' நாவலில் நிலம் கைமாறுவது மாணவர்களுக்குப் பிடிபடவில்லை. நம் ஊர்ப் பட்டா மாதிரிதானே? — ஆசிரியர், உதகை

பதில்: பட்டா என்றால் பாதி புரியும், மீதி குழம்பும். அமெரிக்க அரசின் 1887 டாஸ் சட்டம், பூர்வகுடிகளுக்குப் பொதுவில் கிடந்த நிலத்தைத் துண்டாக்கிக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று கொடுத்தது. 25 ஆண்டுகள் அரசின் பொறுப்பில் இருக்கும், விற்க முடியாது. பிறகு முழு உரிமை வரும், கூடவே வரியும் வரும். 1906 திருத்தத்துக்குப் பின், 'தகுதியானவர்' என்று தீர்மானிக்கப்பட்டவருக்கு அது முன்கூட்டியே வந்தது. ரொக்கமே புழங்காத வீடு வரிக்கு எங்கே போகும்? பங்கிட்டது போக 'மிச்சம்' என்று சொன்னது வெள்ளைக் குடியேறிகளுக்குப் போனது. பூர்வகுடிகளிடம் 1887இல் சுமார் 13.8 கோடி ஏக்கர் இருந்தது, 1934இல் சுமார் 4.8 கோடியாகச் சுருங்கியது.

நாவலின் காலம் 1912 முதல் 1924 வரை. வகுப்பில் கரும்பலகையில் இரண்டு நிலங்களை வரைந்து, ஒன்றுக்கு மட்டுமே போதுமான பணத்தைக் கொடுத்துவிட்டு, எதற்குக் கட்டுவது என்று கேளுங்கள். நாவலின் நாயகி ஃப்ளூரின் நிலம் அப்படித்தான் போகிறது: சேர்த்த பணத்தைச் சொந்த மனிதர்களே தங்கள் நிலத்துக்குக் கட்டிவிடுகிறார்கள். சட்டம் வீட்டுக்குள் புகுந்து உறவை அறுக்கும் இடம் அது.

நீலகிரியோடு ஒப்பிடும்போது கவனம். அங்கே துண்டாக்கிப் பறித்தார்கள். இங்கே 1882 சென்னை வனச் சட்டத்தின்கீழ் காடுகளை அரசுக் காடாக்கி வேலி கட்டினார்கள். தோடர் எருமைகள் மேய்ந்த புல்வெளியில் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூரமரமும் (யூகலிப்டஸ்) ஏறின.

கேள்வி: நம் பக்கத்தில் இப்படி எழுதிய பெண்கள் உண்டா? 'குறிஞ்சித்தேன்' சேருமா? — வாசகர், கூடலூர்

பதில்: சேராது. படகர் வாழ்வைச் சொல்லும் நல்ல நாவல்தான். ஆனால் அதை எழுதிய ராஜம் கிருஷ்ணன் வெளியிலிருந்து வந்து பார்த்தவர். வயநாட்டு அடியர் பழங்குடிப் பெண்ணான சி.கே. ஜானுவின் வாழ்க்கைக் கதை உங்களுக்குப் பக்கத்து ஊர் நூல். அவர் சொல்ல, பாஸ்கரன் எழுதியது. எது ஜானுவின் குரல், எது எழுதியவரின் ஒழுங்கு என்ற கேள்வியோடு படியுங்கள்.

அச்சில் வராதது பாட்டிமாரின் பாட்டில் இருக்கிறது. பதிவுசெய்யப் போனால் அனுமதியை முதலில் கேளுங்கள். பாடி முடித்ததும் போட்டுக் காட்டி மறுபடி கேளுங்கள், இழவுப் பாட்டை வெளியே விட மனமில்லாமல் போகலாம். ஜூன், ஜூலையில் தகரக் கூரை வீட்டுக்குள் பதிந்தால் மழைச் சத்தம்தான் மிஞ்சும். தமிழ் எழுத்தில் மட்டும் எழுதி வைத்து ஒலியை அழித்துவிடாதீர்கள்: இருளர் பேச்சின் நடு உயிரொலிகளுக்கு நம் எழுத்தில் இடமில்லை. தோடர் பாட்டு பெரும்பாலும் மூன்றசைத் துண்டுகளாக, இணை இணையாக வரும். வரியை அங்கேதான் உடைக்க வேண்டும், பாடுபவர் மூச்சு விடும் இடத்தில் அல்ல.