ஹேண்ட்மேட் பேப்பரும் சொந்த டிசைனும்: வாசகர் கேள்வி பதில்

வாழ்த்து அட்டை, நோட்டு, கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றை ஹேண்ட்மேட் பேப்பரில் செய்து விற்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

இணையத்தில் பார்க்கும் டிசைனில் 30 சதவீதம் மாற்றிவிட்டால் அது நம்முடையதாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?
வாசகி, ஈரோடு

இல்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957-இல் அப்படியொரு சதவீதக் கணக்கே கிடையாது. மூலப் படத்தின் முக்கியமான பகுதி உங்கள் வேலையில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மயிலின் பச்சையை ஊதாவாக்கி, கழுத்தை மறுபக்கம் திருப்பினாலும், தோகையின் கோடுகள் இன்னொருவர் போட்டவை என்றால் அது அவருடைய மயில்தான்.

சிக்குக் கோலம் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. ஆனால் ஒருவர் கணினியில் வரைந்து பதிவேற்றிய கோலக் கோப்பு அவருக்குச் சொந்தம். அதை இறக்கிக்கொள்வதைவிட, தரையில் புள்ளி வைத்து மாவால் நீங்களே போட்டு, நேர் மேலிருந்து படமெடுங்கள். அந்தப் படத்தின் மேல் தாள் வைத்துப் பேனாவில் இழுத்து ஸ்கேன் செய்யுங்கள். வளைவுகளைக் கணினியில் சீராக்க வேண்டாம். கைக்கோட்டில் விழும் நெளிவு இன்னொருவர் கையில் அதேபோல் விழாது. நாளை யாராவது உங்கள் டிசைனை எடுத்தால் அந்த நெளிவே சாட்சி சொல்லும்.

பென்சில் வரைவுகளைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி போட்டு ஒரே கோப்பில் வையுங்கள். வரைந்த உடனேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது; பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் நன்றாக விற்கும் ஒன்றிரண்டு டிசைன்களைப் பதிவு செய்வது நல்லது. ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய், அதை விற்பனைப் பொருளில் பயன்படுத்துவதானால் 2,000 ரூபாய். பரிசுப் பெட்டியின் வடிவம் போன்றவை வேறு சட்டத்தில், அதாவது வடிவமைப்புச் சட்டம், 2000-இல் வரும். அதில் பதிவு செய்வதாக இருந்தால், பெட்டியின் படத்தை இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வெளியான வடிவத்தைப் புதியது என்று ஏற்கமாட்டார்கள்.

கவிதை வரிகளைப் பொறுத்தவரை, எழுதியவர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். பாரதியார் 1921-இல் மறைந்தார். அவர் வரிகளைத் தயங்காமல் அச்சிடலாம். சினிமாப் பாட்டு வரி வேண்டாம். எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. கடமரான், முக்தா மலர் போன்ற திறந்த உரிமத் தமிழ் எழுத்துருக்களை விற்பனை அட்டையிலும் பயன்படுத்தலாம்.

ஒரே கட்டில் வாங்கிய தாளில் சிலவற்றில் ஸ்கிரீன் பிரிண்ட் பளிச்சென்று வருகிறது. சிலவற்றில் மை ஊறி எழுத்து கலைகிறது. ஏன்?
வாசகர், கோவை

தாளில் சைஸிங் சமமாக இல்லை. கூழில் சேர்க்கும் சைஸிங்தான் மையை மேற்பரப்பிலேயே நிறுத்துகிறது. இப்போது பல பட்டறைகள் பயன்படுத்தும் ஏ.கே.டி. என்ற வேதிப்பொருள் சைஸிங், தாள் காய்ந்த பிறகும் சில நாட்கள் எடுத்துத்தான் முழுதாகப் பிடிக்கும். நேற்றுக் காய்ந்த தாளும் மாதம் ஒன்றான தாளும் ஒரே கட்டில் கலந்திருந்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். போட்டு இரண்டு வாரமாவது ஆன சரக்கைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டு வந்ததும் மேலே, நடுவே, அடியில் என மூன்று தாள்களை எடுத்து, இரு பக்கமும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடம் முத்துப்போல் நின்றால் அச்சுக்குத் தயார். சில நொடியில் உறிஞ்சிக் கறுத்தால் அது மையொற்றுத் தாள் மாதிரிதான் நடந்துகொள்ளும். ஒரு பக்கம் நின்று மறுபக்கம் ஊறினால், நிற்கிற பக்கத்தில் அச்சிடுங்கள்.

வாங்கிவிட்ட தாளைக் காப்பாற்ற வழி இருக்கிறது. 20 கிராம் ஜெலட்டினை 1 லிட்டர் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே அதிகமாகச் சூடாக்கிக் கரையுங்கள். கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும். அகலமான தட்டில் ஊற்றி, தாளை ஒரு நிமிடம் முக்கியெடுத்து, பருத்தித் துணிமேல் பரப்புங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் இரண்டு பலகைகளுக்கு நடுவே பாரம் ஏற்றுங்கள். முழுக்கக் காயவிட்டால் தாள் அலையலையாக நெளிந்துவிடும், பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு. ஜெலட்டின் விலங்குப் பொருள் என்பதால் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது முறை. அவர் வேண்டாம் என்றால் ஸ்டார்ச் கஞ்சி போடலாம். ஆனால் நம் ஊர் வெப்பத்தில் கஞ்சி போட்ட தாளை இராமபாணப் பூச்சி தேடி வரும்.

எழுத்து ஊறாமல் கோடு மட்டும் விட்டுவிட்டு விழுந்தால் சிக்கல் வேறு. அங்கே சைஸிங்மேல் பழியில்லை. தாளின் மேடுபள்ளம்தான் காரணம். காலண்டர் செய்து, அதாவது உருளைகளுக்கு நடுவே அழுத்தி வழவழப்பாக்கிய தாள் வாங்குங்கள், அல்லது எழுத்தைத் தடிப்பாக்குங்கள். தமிழ் எழுத்தில் ண, ஞ, ஐ ஆகியவற்றின் சுழிகள்தான் முதலில் அடைபடும். மேடுபள்ளத் தாளில் எழுத்தின் அளவு 14 புள்ளிக்கு (பாயின்ட்) கீழே இறங்க வேண்டாம். மாதிரி அச்சில் மணமக்கள் பெயரைவிட முதலில் இந்தச் சுழிகளைப் பாருங்கள்.

வீட்டிலேயே பூவிதழ் போட்டுத் தாள் செய்கிறேன். ஒரே மாதத்தில் இதழ் பழுப்பாகிவிடுகிறது.
வாசகி, மதுரை

ரோஜாவும் செம்பருத்தியும் பழுப்பாகத்தான் செய்யும். செவ்வந்தி இதழ் நிறத்தை நெடுநாள் பிடித்துவைக்கும். இதழைப் பச்சையாகப் போடாமல், நிழலில் மொறுமொறுப்பாகக் காயவைத்து, கூழ் மிக்ஸியிலிருந்து வந்த பிறகு கையால் கலக்குங்கள். 100 கிராம் உலர்ந்த காகிதத்துக்கு 3 கிராம் இதழ் போதும். அதற்குமேல் போட்டால் இதழ் இருக்கும் இடத்தில் நார் ஒட்டாமல் ஓட்டை விழும். 150 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 150 கிராம்) கனத்தில் ஒரு ஏ5 தாளுக்குச் சுமார் 4.7 கிராம் பிடிக்கும். 100 கிராமில் 20 தாள் எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் தாள் செய்வதைத் தள்ளிப்போடுவது உத்தமம். மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்ற தாளை அடுக்கினால் பூஞ்சை நிச்சயம்.

விதைத் தாளில் எந்த விதை நல்லது?
வாசகர், திருச்சி

துளசி, தக்காளி, கீரை விதை. சிறியவை, தட்டையானவை, அச்சில் மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குயீஜி ஓடும்போது நசுங்காது. ஹேர் டிரையர், இஸ்திரிப்பெட்டி இரண்டும் கூடாது. முளைக்கும் திறன் சூட்டில் செத்துவிடும்.

வாங்கிய தாளில் அச்சிட்டு விற்கும் அட்டையை 'ஹேண்ட்மேட்' என்று போடலாமா?
வாசகி, நாகர்கோவில்

'கையால் செய்த தாளில் அச்சிட்டது' என்று போடுங்கள், அதுதான் நேர்மையான வாசகம். அதற்கு முன் தாளே கையால் செய்ததுதானா என்று பாருங்கள். அந்தப் பெயரில் சிலிண்டர் மோல்டு இயந்திரத் தாளும் சந்தையில் ஏராளம். தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் கிழித்துப் பாருங்கள். ஒரு திசையில் நேராகவும் மறு திசையில் கோணலாகவும் கிழிந்தால் நார்கள் ஒரே பக்கம் வரிசையாக நிற்கின்றன, அதாவது இயந்திரத் தாள். கையால் எடுத்த தாள் இரு திசையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கிழியும். இயந்திரத் தாள் மட்டம் என்றில்லை, அட்டைக்கு நன்றாகவே உழைக்கும். விலைப்பட்டியலில் அதை அதுவாகவே எழுதிவிட்டால் சிக்கலில்லை.