ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அப்படி என்னதான் படிக்கிறார்கள்? நோட்டில் ஒன்றுமே இல்லையே?

வருஷத்துக்கு நாலு அப்பாக்களாவது நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் இதையே கேட்கிறார்கள். "டீச்சர், பாட்டு, குச்சி வெளாட்டுன்னு சொல்லுதான், எழுத்து எங்க?" நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. 1, 2, 3 மூன்று வகுப்பும் ஒரே அறையில், பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி.

முதலில் அந்தக் குச்சி விளையாட்டையே சொல்கிறேன். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டால் ஒரு கட்டு, மிச்சமெல்லாம் உதிரி. 34 என்றால் மூன்று கட்டு, நாலு உதிரி. போன வருஷம் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் எல்லாரும் முடித்த பிறகும் எண்ணிக்கொண்டே இருந்தான், போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கட்டும் குண்டாக இருக்கிறது. "என்னலே இது?" என்றேன். "கட்டுன்னா இருவத்தஞ்சுல்லா டீச்சர்" என்றான். எங்கள் ஊரில் பாதி வீட்டில் அம்மாவும் ஆச்சியும் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுகிறவர்கள், அங்கே ஒரு கட்டு 25 பீடி, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். பையன் சொன்னதில் என்ன தப்பு? நாலு கட்டு எவ்வளவு என்று கேட்டால் யோசிக்காமல் நூறு என்கிறான், ஆனால் 43-ஐ எழுதச் சொன்னால் 403 என்று எழுதுகிறான். நாற்பது, மூன்று என்று காதில் விழுகிறது, அப்படியே 40-ஐயும் 3-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறான். ஒரே 4, நிற்கிற இடத்தைப் பொறுத்து நாலாகவும் நாற்பதாகவும் ஆகும் என்பது பெரியவர்களுக்கு மறந்தே போன அதிசயம். அது மண்டையில் ஏற அவனுக்கு மூன்று மாதம் ஆனது, அந்த மூன்று மாதமும் நோட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

89-க்கு அடுத்து என்ன என்று கேட்டுப் பாருங்கள். எண்பது வரை ஒழுங்காக வந்த பிள்ளை அங்கே நின்றுவிடும், ஏனென்றால் தொண்ணூறில் 'நூறு' கேட்கிறது, ஆனால் அது நூறு இல்லை. தமிழ் செய்த குறும்பு இது, பிள்ளையைத் திட்டி என்ன செய்ய.

எழுத்து கதை வேறு. 247 எழுத்தையும் அ-வில் தொடங்கி வரிசையாக ஒப்பிக்க வைத்தால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள், பிள்ளையால் ஒரு சொல் வாசிக்க முடியாது. அதனால் நான் ட, ப, ம என்று எளிதாக எழுத வருவதில் ஆரம்பிக்கிறேன், புள்ளி வைக்கத் தெரிந்துவிட்டால் படம், பட்டம், மட்டம் என்று இரண்டு வாரத்தில் சொல்லே வந்துவிடும். கஷ்டம் கொம்பில்தான். 'கொ' என்று சொல்லும்போது க் முன்னால், ஒ பின்னால். எழுதும்போது கொம்பு முதலில், அப்புறம் க, கடைசியில் கால். கையும் வாயும் வேறு வேறு வரிசையில் போகிறது. கொக்கு கெக்கு ஆவதற்குக் கவனக்குறைவு காரணம் இல்லை.

இதில் நம் ஊர்ப் பேச்சு வேறு. ஆச்சி வாளப்பளம் என்கிறார், பிள்ளையும் அப்படியே எழுதுகிறது, காதில் கேட்டதைச் சரியாக எழுத்தாக்கியிருக்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சிதான். ஆச்சி தப்பாகப் பேசுகிறார் என்று மட்டும் வகுப்பில் சொல்லவே மாட்டேன். பேச்சில் அப்படி, எழுத்தில் இப்படி, அவ்வளவுதான்.

சரி, "மூணாப்புல இருக்கான், அரும்புல உக்கார வச்சிருக்கீங்களே" என்று ஒரு சண்டையும் வரும். கொரோனாவில் மூடிய பள்ளி சின்னப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தது. எழுத்தே தெரியாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்தவர்கள் நிறைய. அதற்காக 2022 ஜூனில் வந்ததுதான் தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம்; அதில் அரும்பு ஒன்றாம் வகுப்பு அளவு, மொட்டு இரண்டு, மலர் மூன்று. எந்த வகுப்பு என்று பார்க்காமல் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து உட்கார வைப்பது. எனக்கு இது பிடித்திருக்கிறது, கூடவே வரும் பதிவேற்ற வேலைதான் பிடிக்கவில்லை. பள்ளியிலேயே காலை உணவு வந்த பிறகு முதல் பீரியடில் பசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பிள்ளை என்ன படிக்கிறது என்று தெரிய நோட்டை விடுங்கள். ராத்திரி ஒரு கை புளியங்கொட்டையை முன்னால் போட்டு எத்தனை என்று கேளுங்கள். ஒவ்வொன்றாக எண்ணுகிறதா, பத்துப் பத்தாகக் குவிக்கிறதா என்று பாருங்கள். பேருந்து வரும்போது பலகையை வாசிக்கச் சொல்லுங்கள், தப்பாக வாசித்தால் உடனே பாயாதீர்கள்.

அந்தப் பீடிக்கட்டுப் பையன் இப்போது மூன்றாம் வகுப்பு. 25-ஆம் வாய்ப்பாடு அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. பழத்தை இன்னும் பளம் என்றுதான் எழுதுகிறான்.