கொறங்காட்டில் ஏறிய ஊசிப்புல்: தீயும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்

கேள்வி: காங்கயம் பக்கத்தில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் கொறங்காடு (வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. சில வருடம் ஆட்டுக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தோம். இப்போது நாங்களே நான்கு மாடும் முப்பது மேச்சேரிச் செம்மறி ஆடும் வைத்திருக்கிறோம். நல்ல தீவனமான கொழுக்கட்டைப்புல் அங்கங்கே திட்டாகத்தான் நிற்கிறது. பாதிக் காட்டில் ஊசிப்புல் ஏறிவிட்டது. ஆடுகளுக்கு வாயெல்லாம் புண். கோடையில் தீ வைத்துவிடு என்கிறார்கள் சிலர், களைக்கொல்லி அடி என்கிறார்கள் சிலர். எதைச் செய்வது? வீட்டு முன்னால் வளர்த்த அருகம்புல் தரையிலும் கோரை வந்துவிட்டது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: இரண்டுமே வேண்டாமுங்க. முதலில் தீயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊசிப்புல் தீக்கு அஞ்சுகிற புல் இல்லை. மேலே சருகு எரிந்தாலும் தூர் பிழைத்துக்கொள்ளும். விதையோ ஏற்கெனவே மண்ணுக்குள் இறங்கியிருக்கும். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மேய்ச்சல் நிலங்களில் அடிக்கடி தீ வைத்ததே இந்தப் புல் அங்கே ஓங்கி நிற்க ஒரு காரணம். போதாததற்கு, உங்கள் கிளுவை உயிர்வேலியும் வெள்வேல மரங்களும் சேர்ந்து கருகும். அந்த வேலி மறுபடி அடைய எத்தனை வருடம் ஆகும் என்று உங்கள் அப்பாவைக் கேட்டால் சொல்வார்.

அடுத்தது களைக்கொல்லி. 2,4-டி போன்றவை அகன்ற இலைச் செடிகளைத்தான் கொல்லும். ஊசிப்புல்லை ஒன்றும் செய்யாது. புல்லைக் கொல்கிற மருந்துக்கோ ஊசிப்புல், கொழுக்கட்டை என்ற பேதம் தெரியாது, இரண்டையும் சாய்த்துவிடும். கிளைபோசேட்டும் அப்படித்தான். அதை 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்படுத்தி, பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. எப்படியோ அடித்து காட்டை வெறுமையாக்கினாலும், அடுத்த மழைக்கு அந்த வெற்றிடத்தில் முதலில் முளைப்பது பார்த்தீனியமும் மிச்சமிருக்கும் ஊசிப்புல் விதையும்தான்.

உங்கள் காட்டில் இருப்பது ஊசிப்புல்தானா என்று ஒரு கதிரைப் பிடுங்கிப் பாருங்கள். முற்றிய விதையின் அடி ஊசி மாதிரி கூராக, பின்னோக்கிய மயிரோடு இருக்கும். மேலே இரண்டு மூன்று அங்குலத்துக்குக் கருத்த வால். ஒரு கதிரின் வால்களெல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறு போல நிற்கும். ஒரு விதையின் வாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு உள்ளங்கையில் வைத்தால், அது முறுக்கவிழ்ந்து மெல்லச் சுழல்வதைப் பார்க்கலாம். பனியில் நனைந்து வெயிலில் காயும்போதெல்லாம் இப்படித் திரும்பித் திரும்பித்தான் விதை மண்ணுக்குள் இறங்குகிறது. ஆட்டின் உதட்டிலும் தோலிலும் இறங்குவதும் இதே வேலைதான். மேச்சேரி ஆட்டின் தோலுக்கு நல்ல பெயர் உண்டு. ஓட்டை விழுந்தால் அந்தப் பெயரும் போச்சு, விலையும் போச்சு. வால் மூன்றாகப் பிரிந்திருந்தால் அது துடைப்பப்புல். அதற்கும் கீழே சொல்வது பொருந்தும்.

இது ஏன் ஏறியது? குத்தகை விட்ட காட்டுக்கு யாரும் ஓய்வு கொடுப்பதில்லை. மழை பெய்து துளிர் கிளம்பின மறுவாரமே ஆடு உள்ளே போயிருக்கும். ஆடு ருசியான கொழுக்கட்டையைத் தரையோடு கரம்பும். முற்றிய ஊசிப்புல்லை ஒதுக்கும். வருடா வருடம் ஒன்று விதை போடாமல் தேய, இன்னொன்று நிம்மதியாக விதை போடுகிறது. ஆக, மேய்க்கிற நேரத்தை மாற்றினால்தான் இது அடங்கும்.

ஊசிப்புல் பூக்கும்வரை நல்ல தீவனம் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. மழைக்குப் பிறகு இலை இளசாக இருக்கும் சில வாரங்களில் மாடு விரும்பியே தின்னும். அதனால் காட்டை இரண்டாகத் தடுத்துக்கொள்ளுங்கள், தற்காலிக முள்வேலி போதும். ஊசிப்புல் மிகுந்த பாதியில் அந்த இளம் பருவத்தில் மாடுகளை நெருக்கி மேயவிடுங்கள். பக்கத்துத் தோட்டத்து மாடுகளையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது, நான்கு மாடு பற்றாது. அப்புறம் மிச்சமிருப்பது கதிர் தலைகாட்டும்போதே அரிவாளாலோ புல்வெட்டும் இயந்திரத்தாலோ அறுத்துக் கட்டுத்தரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வால் கருத்த பிறகு அறுத்தால், நாமே விதைத்த கணக்குதான். இதன் விதை பல வருடம் மண்ணில் உறங்கிக் கிடக்கிற வகை இல்லை. தொடர்ந்து இரண்டு மூன்று வருடம் விழாமல் பார்த்துக்கொண்டால் கண்கூடாகக் குறையும். பழைய தூர்களை மழை ஈரம் இருக்கும்போது கடப்பாரையால் பெயர்த்தெடுங்கள். முழுக் காட்டிலும் இதைச் செய்ய ஆள்கூலி கட்டாது. கொழுக்கட்டைத் திட்டுகளை ஒட்டிய ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் போதும்.

மறுபாதியில் கொழுக்கட்டை விதை உதிர்க்கும்வரை ஒரு கால்நடையும் நுழையக் கூடாது. பிறகும் அரைச் சாணுக்குக் கீழே மேயவிடாதீர்கள். வெற்றிடங்களில் புதிதாக விதைக்க ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ விதை வேண்டும். கோ 1 நீலக்கொழுக்கட்டை நம் மானாவாரிக்கு ஏற்ற ரகம். அறுவடை செய்த கையோடு விதைத்தால் முளைக்காது, ஆறேழு மாதம் உறக்கம் உண்டு. போன வருட விதையாகக் கேட்டு வாங்குங்கள். பஞ்சு மாதிரி இருப்பதால் மணல் கலந்து, ஐப்பசி மழைக்கு முன் லேசாக உழுத சாலில் தூவி, முள்கிளையை மேலே இழுத்துவிட்டால் சரி. ஆழமாகப் போனால் வராது. முளைத்த பிறகு கையால் ஒரு பிடி இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து தூர் நின்றால் மேய்க்கலாம், வேரோடு வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

(இதே கொழுக்கட்டை வகைப் புல்லை ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலும் அமெரிக்காவின் அரிசோனாப் பாலையிலும் பெரும் களை என்று செலவு செய்து பிடுங்குகிறார்கள். நமக்கு அதை வளர்க்கப் பாடு!)

ஆடுகளை இப்போதைக்கு ஊசிப்புல் பக்கம் விடாதீர்கள். உதடு, நாக்கின் அடி, கண் ஓரம், குளம்பிடுக்கு எல்லாம் தினமும் தடவிப் பார்த்து முள்ளை இடுக்கியால் எடுத்து, உப்புத் தண்ணீரில் கழுவுங்கள். சீழ் வைத்தாலோ கண்ணில் குத்தியிருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சந்தையில் ஆடு வாங்கினால் இரண்டு மூன்று நாள் பட்டியிலேயே அடைத்து, மயிரில் ஒட்டிய விதையைப் பொறுக்கி எரித்த பிறகு காட்டுக்கு ஓட்டுங்கள்.

கோரை விஷயம். அது புல்லே இல்லை. தண்டை விரலிடையில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும். மேலே பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வரும்; கீழே சங்கிலியாகக் கிடக்கும் கிழங்குகள் அறுபட்டு, உறங்கிக்கொண்டிருந்ததும் சேர்ந்து முளைக்கும். வாசல் அளவு இடம்தானே, மருந்தைத் தேட வேண்டாம். நன்றாகத் தண்ணீர் விட்டு, முள்கரண்டியால் ஒரு சாண் ஆழம் நெம்பி கிழங்கோடு எடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, புது இலை வரவர எடுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கு சத்திழந்து சாகும். ஒரு பருவம் முழுக்கச் செய்ய வேண்டியிருக்கும். எடுத்த கிழங்கை எருக்குழியில் போடாதீர்கள். தரைக்குக் குளத்து வண்டல் கொட்டியிருந்தால் கோரை அதோடுதான் வந்திருக்கும். அடுத்த லோடைச் சலித்துப் பார்த்துப் போடுங்கள்.