கடெற்றா, சீமனா? கப்பலுக்குப் போக நினைப்போருக்குப் பதில்கள்

கப்பல் வேலை பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கடெற் என்பவர் ஒஃபிசராகப் பயில்பவர், சீமன் சாதாரண மாலுமி; டெக் என்பது கப்பலைச் செலுத்தும் பிரிவு. ஒன்றைத் தவிர எல்லாமே வணிகக் கப்பல் பற்றியவை.

கேள்வி: மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. மூன்று பாடமும் சித்தி, பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஒரு நிறுவனம் டெக் கடெற் பயிற்சிக்குப் பெரிய தொகை கேட்கிறது. உறவினர் ஒருவரோ, "சீமனாகப் போகட்டும், உடனே உழைக்கலாம், பிறகு ஒஃபிசராகலாம்" என்கிறார். எதைக் கேட்பது?
– ஒரு தந்தை, வல்வெட்டித்துறை

அன்னபூரணி என்ற பாய்க்கப்பலைக் கட்டி, அது 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த ஊர் உங்களுடையது. கடலைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர ஒன்றுமில்லை. கடதாசியைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். இரண்டு பேரும் சொல்லாமல் விட்டது கடல்காலக் கணக்கு. எஸ்.ரி.சி.டபிள்யூ. என்ற 1978ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைதான் உலகம் முழுவதும் மாலுமிகளின் தராதரத்தை நிர்ணயிக்கிறது. 500 ஜி.ரி.க்கு (கப்பலின் மொத்தக் கொள்ளளவு) மேற்பட்ட கப்பலில் காவல் பார்க்கும் (முறைவைத்துக் கப்பலைச் செலுத்திக் கவனிக்கும்) டெக் ஒஃபிசருக்குரிய சி.ஓ.சி. எனப்படும் தகுதிச் சான்றிதழை எடுக்க அதில் இரண்டு வழிகள் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின் கீழ் கடெற்றாகப் போனால் குறைந்தது 12 மாதக் கடல்காலம் போதும் (சில நாடுகள் 18 மாதம் கேட்கும்). அப்படியொரு திட்டம் இல்லாமல் சீமனாகப் போனால் 36 மாதம். இரண்டு வழியிலும் ஆறு மாதம் பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் அறையில்), கப்டனின் அல்லது தகுதியுள்ள ஒஃபிசரின் மேற்பார்வையில் காவல் கடமை செய்திருக்க வேண்டும்.

36 மாதம் என்றால் மூன்று வருடம் என்று நினைத்துவிடாதீர்கள். கடல்காலம் கப்பலில் நிற்கும் நாட்களுக்கு மட்டும். சாதாரண சீமனின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒன்பது மாதம். நான்கு ஒப்பந்தம், இடையில் மும்மூன்று மாதம் வீட்டில் என்று எல்லாம் ஒழுங்காக நடந்தால்கூட நாலு வருடம் முட்டும். அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் ஐந்து, ஆறு வருடமாகும். அதற்குள் கலியாணம், தங்கச்சிக்குச் சீதனம், வீட்டு வேலை என்று செலவுகள் வந்து, சம்பளத்தை நிறுத்திவிட்டுப் படிக்கப் போக மனம் வராமற் போவதுதான் வழக்கம். சீமனாகப் போய் ஒஃபிசராக வந்தவர்கள் இல்லாமலில்லை. ஆனால் "பிறகு ஆகலாம்" என்ற சொல்லை நம்பிப் போனவர்களில் பலர் ஏ.பி.யாகவோ (தேர்ந்த சீமன்) போசனாகவோ (சீமன்களின் தலைவர்) நின்றுவிடுகிறார்கள். அதுவும் மரியாதையான தொழில்தான். ஆனால் உங்கள் மகன் கேட்டது அதுவா என்று பாருங்கள்.

மறுபக்கம், கடெற்றுக்குக் கிடைப்பது சம்பளமல்ல, கைச்செலவுப் பணம். பல கம்பனிகளில் அது ஓ.எஸ். எனப்படும் புதுச் சீமனின் சம்பளத்திலும் குறைவு. ஏ.பி.க்கான குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமாக சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் கூட்டுக்குழு 2025க்கு வைத்தது மாதம் 673 அமெரிக்க டொலர். மேலதிக நேரமும் விடுமுறைப் பணமும் அதற்குப் புறம்பு. ஆகவே முதல் இரண்டு மூன்று வருடம் சீமனின் கைதான் ஓங்கி நிற்கும். சி.ஓ.சி. கிடைத்துத் தேர்ட் மேட் (மூன்றாம் டெக் ஒஃபிசர்) ஆனதும் கணக்கு மாறும். அதன்பின் 12 மாதக் காவல் கடமையோடு சீஃப் மேட் (கப்டனுக்கு அடுத்த டெக் ஒஃபிசர்) பரீட்சைக்குத் தகுதி. கப்டன் சான்றிதழுக்கு 36 மாதம், அதில் 12 மாதத்தைச் சீஃப் மேட்டாகச் செய்திருந்தால் 24 போதும்.

எங்கள் தீர்ப்பு: உங்கள் மகனின் வயதுக்கும் பாடத்துக்கும் கடெற் வழிதான் பொருத்தம். ஆனால் ஒரு நிபந்தனை. வகுப்பு முடிந்தபின் எந்தக் கம்பனியின் கப்பலில் ஏற்றுவார்கள் என்பது எழுத்தில் வரவேண்டும். டெக் கடெற்றுக்குக் கப்பல் கிடைப்பதுதான் இந்தத் தொழிலிலேயே மிக ஒடுங்கிய வாசல். படிப்பை முடித்துவிட்டு, பெர்த் (கப்பலில் இடம்) இல்லாமல் வருடக்கணக்கில் வீட்டிலிருக்கும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. நிறுவனத்திடம் நேரே கேளுங்கள்: பாடநெறிக்குக் கொழும்பு வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? கடைசி இரண்டு அணிகளில் எத்தனை பேர் ஏறினார்கள், எந்தக் கம்பனியில்? குறித்த காலத்துக்குள் ஏற்றாவிட்டால் காசு திரும்புமா? வாயால் சொல்லும் பதிலை வாங்கிக்கொண்டு வராதீர்கள். எழுத்தில் தராவிட்டால் காணியை ஈடு வைத்துக் கட்டாதீர்கள். அந்த நிலையில் சீமன் வழியே மேல், கடனாவது இல்லை.

ஏறினபின் கெட்டுப்போவது பயிற்சிப் பதிவேட்டில். கடெற் செய்த ஒவ்வொரு வேலைக்கும் (நங்கூரம் போடுவது, நிலையைக் குறிப்பது, உயிர்காப்புப் படகைச் சோதிப்பது) கூட நின்ற ஒஃபிசர் அன்றன்றே ஒப்பமிட வேண்டும். பிள்ளை அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சைன் ஓஃப் ஆகி இறங்கும் கிழமையில் ஒரேயடியாக ஒப்பம் வாங்குவான். ஒரே பேனை, ஒரே கையெழுத்து, முப்பது பக்கம். வாய்மொழிப் பரீட்சையில் பரிசோதகர் அந்தப் பக்கத்தைத்தான் விரித்து வைத்துக் கேள்வி கேட்பார்.

கேள்வி: நான் ஏற்கெனவே ஓ.எஸ். ஆக ஓர் ஒப்பந்தம் முடித்துவிட்டேன். ஒஃபிசர் ஆகவேண்டும் என்றால் இப்போதிருந்தே என்ன செய்யவேண்டும்?
– காரைநகர் வாசகர்

தம்பி, முதலில் காவல் சீமன் சான்றிதழை எடுங்கள், ஆறு மாதக் கடல்காலத்தோடு அதற்குத் தகுதி வந்துவிடும். அதன்பின் ஏ.பி. சான்றிதழுக்கு டெக்கில் 18 மாதம், அங்கீகரித்த பயிற்சி செய்திருந்தால் 12. இதெல்லாம் 36 மாதக் கணக்குக்குள்ளேயே ஓடும்.

ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கப்டனிடம் கடல்சேவைக் கடிதம் வாங்குங்கள். சி.டி.சி. எனப்படும் மாலுமிப் புத்தகத்தில் அடித்த முத்திரை மட்டும் போதாது. கடிதத்தில் கப்பலின் பெயர், ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) இலக்கம், ஜி.ரி., ஏறிய இறங்கிய திகதி, எத்தனை மாதம் பிரிட்ஜ் காவல் கடமை செய்தீர்கள் என்பது எல்லாம் இருக்கவேண்டும். திகதி சி.டி.சி.யோடு ஒருநாள் பிசகினாலும் திருப்பி அனுப்புவார்கள். கம்பனி கைமாறிப்போனபின் பழைய கப்டனைத் தேடிப் பிடிக்கிற வேலை இருக்கிறதே, அது பெரிய வேலை. ஓ.எஸ்.மாருக்குப் பெரும்பாலும் பகல் வேலைதான்: துரு தட்டுவது, பெயின்ற் அடிப்பது, கயிறு. அதில் மூன்று வருடம் போனால் அந்த ஆறு மாதக் காவல் எங்கிருந்து வரும்? போசனோடும் சீஃப் மேட்டோடும் பேசி, 4 மணி முதல் 8 மணி வரையான காவலில் போடச் சொல்லிக் கேளுங்கள். காலையிலும் மாலையிலும் நட்சத்திரம் பார்த்து நிலை எடுக்க வாய்ப்புள்ள காவல் அது. வழமையாகச் சீஃப் மேட்டின் காவலும் அதுதான்.

கரையில் ராடர், எக்டிஸ் (மின்னணுக் கடல்வரைபடம்), ஜி.எம்.டி.எஸ்.எஸ். (கடல் ஆபத்து வானொலித் தொடர்பு), உயர்நிலைத் தீயணைப்பு, மருத்துவ முதலுதவி, உயிர்காப்புப் படகு வகுப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இங்கிலிசைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் வாசிப்பதற்குப் பயப்படத் தேவையில்லை. வி.எச்.எஃப். வானொலியில் சட்டென்று விளங்கிப் பதில் சொல்வதுதான் கஷ்டம். ஐ.எம்.ஓ. வெளியிட்ட கடல்சார் தொடர்பாடற் சொற்றொடர்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பல கம்பனிகள் மார்லின்ஸ் என்ற இங்கிலிசுப் பரீட்சையும் வைக்கும்.

கேள்வி: வெல்டிங்கில் என்.வி.கியூ. முடித்திருக்கிறேன். எஞ்சின் பக்கம் போகலாமா?
– சுன்னாகம் வாசகர்

போகலாம். வைப்பர், ஒயிலர் என்று அடியிலிருந்து தொடங்காமல் ஃபிட்டராக (எஞ்சின் பகுதியில் பழுதுபார்ப்பவர்) வரக் குறிவையுங்கள். ஃபிட்டரின் சம்பளம் பொதுவாக ஏ.பி.யைவிட அதிகம். ஆனால் கம்பனி தொழில் பரீட்சை வைக்கும்: 6ஜி நிலையில் (சாய்வாக, அசையாமல் நிறுத்திய குழாயில்) குழாய் வெல்டிங், லேத் வேலை, வால்வு பிரித்துப் பூட்டுவது. தட்டை வெல்டிங் மட்டும் பழகியவர்கள் இதில் விழுகிறார்கள், ஏனென்றால் கப்பலில் ஒழுகும் குழாயைத் திருப்பி வசதியாகப் பிடிக்க முடியாது. அது இருக்கிற இடத்தில், இருக்கிற கோணத்தில்தான் ஒட்டவேண்டும்.

எஞ்சின் ஒஃபிசர் சான்றிதழுக்கு, பயிற்சித் திட்டத்தின் கீழ் பட்டறையும் கடலும் சேர்த்து 12 மாதம். திட்டமில்லாவிட்டால் 36 மாதம், அதில் 30 மாதம் எஞ்சின் பகுதியில் கடலில். எஞ்சின் கையோடு கரைக்கு வந்தாலும் மின்நிலையம், தொழிற்சாலை என்று வேலை உண்டு. டெக் ஒஃபிசருக்கு அந்த வசதி குறைவு.

கேள்வி: ஏஜென்ற் ஒருவர் எட்டு லட்சம் கேட்கிறார். விசிற் விசாவில் துபாய் போய் அங்கே கப்பலுக்குக் காத்திருக்கவேண்டுமாம்.
– சாவகச்சேரி வாசகர்

போகவேண்டாம். இலங்கையும் ஏற்றுக்கொண்ட 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வேலை எடுத்துத் தர மாலுமியிடம் காசு வாங்குவதைத் தடைசெய்கிறது. மாலுமி கட்டக்கூடியது சட்டப்படியான மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு போன்ற தன் சொந்த ஆவணங்களுக்கு மட்டும். விசாச் செலவு கப்பல்காரனுடையது. ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பும் ரிக்கெற்றும் அவனுடையது.

கப்பலின் ஐ.எம்.ஓ. இலக்கத்தைக் கேளுங்கள், ஏழு இலக்கம். முதல் ஆறையும் முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கமாக இருக்கவேண்டும். எடுத்துக்காட்டாக 9074729: 63, 0, 35, 16, 21, 4, கூட்டினால் 139, கடைசி இலக்கம் 9, சரி. வாய்க்கு வந்த இலக்கத்தைச் சொல்லும் ஏஜென்ற் இதிலேயே பெரும்பாலும் பிடிபடுவார். கணக்குச் சரிவந்தால் ஈக்குவாசிஸ் என்ற இலவச இணையத்தளத்தில் போட்டுக் கப்பலின் உரிமையாளரையும், துறைமுகங்களில் அது தடுத்து வைக்கப்பட்டதுண்டா என்பதையும் பாருங்கள். ஏஜென்றுக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில் கேட்கலாம்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் பேரன் கனேடியக் கடற்படையில் சேரப்போகிறானாம். ஒஃபிசரா, சாதாரண மாலுமியா என்று யோசிக்கிறான். அவனுக்கு இன்னும் குடியுரிமை வரவில்லை.
– ஓர் அம்மம்மா, மானிப்பாய்

குடியுரிமை இல்லாதது தடையில்லை அம்மா. 2022இலிருந்து நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் வாழ்ந்தவர்களின் பாதுகாப்புச் சோதனை மட்டும் இழுபடும், பொறுக்கவேண்டும்.

ஒஃபிசருக்குப் பட்டம் வேண்டும். பட்டமில்லாதவருக்குப் படிப்புச் செலவைக் கடற்படையே ஏற்கும் திட்டம் உண்டு, பிறகு கட்டாயச் சேவைக் காலமும் உண்டு. மாலுமிக்குப் பத்தாம் வகுப்பு போதும், சில தொழில்களுக்கு அதற்கு மேல் கேட்பார்கள். அடிப்படைப் பயிற்சி இருவருக்கும் கியூபெக்கின் சென் ஜோனில். வணிகக் கப்பலைப் போலன்றி இங்கே மாலுமி வழியில் கெட்டுப்போக ஒன்றுமில்லை: நிரந்தரச் சம்பளம், ஓய்வூதியம், தொழில்நுட்பப் பயிற்சி எல்லாம் உண்டு. இயந்திரத்தில் கைவைத்து வேலை செய்ய ஆசையென்றால் மாலுமி. ஆட்களை நடத்துவதிலும் திட்டமிடுவதிலும் விருப்பமென்றால் ஒஃபிசர். பேரன் மனம் ஊசலாடினால் 2023இல் தொடங்கிய ஒரு வருடக் கடற்படை அனுபவத் திட்டத்தில் சேர்ந்து பார்க்கலாம், அல்லது ரொறன்ரோவிலேயே உள்ள எச்.எம்.சி.எஸ். யோர்க் என்ற கடற்படைத் துணைப்படைப் பிரிவில் பகுதிநேரமாகச் சேரலாம். முழுநேரம் என்றால் வீடு கடற்படைத் தளமுள்ள ஹலிஃபக்ஸிலோ எஸ்குவிமோல்ற்றிலோதான், ரொறன்ரோவில் அல்ல. அதைப் பேரனின் தாயிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

கேள்வி: கண்ணாடி போடுகிறேன். டெக் கடெற் ஆகலாமா?
– நெல்லியடி மாணவி

கண்ணாடி பிரச்சினையில்லை. டெக்குக்குக் கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் 0.5, அதாவது 6/12 தெரியவேண்டும். எஞ்சினுக்கு 0.4. நிறப்பார்வைதான் ஆளைத் திருப்பி அனுப்புவது. இரவில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்கச் சிவப்பையும் வலப்பக்கப் பச்சையையும் பிரித்தறியாதவரைப் பிரிட்ஜில் நிறுத்தமுடியாது. நிறக்குறையை மறைக்கும் வில்லைகளும் செல்லாது. எஞ்சின் பகுதியில் நிறத் தேவை சற்றுத் தளர்வானது. இஷிஹாரா புள்ளிப் படங்களில் தவறியவர் அங்கீகரிக்கப்பட்ட வைத்தியரிடம் மேலதிகச் சோதனை செய்து பார்க்கலாம். எதுவானாலும் வகுப்புக்குக் காசு கட்டுமுன் சோதியுங்கள், பிறகல்ல. மருத்துவச் சான்றிதழ் இரண்டு வருடத்துக்கும் நிறப்பார்வைச் சான்றிதழ் ஆறு வருடத்துக்கும் மேல் செல்லாது.

கேள்வி: ஆறு வருடம் மீன்பிடிப் படகில் போயிருக்கிறேன். அது கடல்காலமாகக் கணக்கில் வருமா?
– குருநகர் வாசகர்

வராது. எஸ்.ரி.சி.டபிள்யூ. மீன்பிடிக் கலங்களுக்குப் பொருந்தாது, அவற்றுக்கு வேறு உடன்படிக்கை. கயிறு, முடிச்சு, அலை, இரவுப் பார்வை எல்லாம் நேர்முகத்தில் உங்களைத் தூக்கிவிடும், ஆனால் பதிவில் ஏறாது. உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பு என்ற நான்கு அடிப்படை வகுப்புகளையும் முடித்து, சி.டி.சி. எடுத்து, முதற் கப்பலில் சைன் ஓன் ஆகும் நாளிலிருந்துதான் உங்கள் கணக்குத் தொடங்கும்.